இரண்டு தாணுமாலையன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் ஒரு மனுஷர் போய்ச் சேர்ந்திருப்பார்.

வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதில் நோயாளிகளின் கோப்புப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பேர் சித்ரலேகா. முன்பு ஐந்தாறு பேர் உட்கார்ந்து செய்த வேலையை, போன வருஷத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் ஒரு ரோபோ செய்கிறது. கையும் கிடையாது, காலும் கிடையாது. எங்களைப் போலவே பேரும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே வரும், கோப்பைத் திறக்கும், திருத்தும், டாக்டர்களுக்கு அனுப்பும். அதை ஓட்டுவது, பார்த்துக்கொள்வது எல்லாம் சென்னையில் ஒரு கம்பெனி. காண்ட்ராக்ட் கொடுத்தாயிற்று. நர்சுகள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். அது என்ன செய்தாலும் ஏன் என்று யாரும் கேட்க முடியாதே, அதனால்.

அன்று மத்தியானம் ஒரு இளவட்டம் என் கவுண்டருக்கு வந்து போனை நீட்டினான்.

"எக்கா, எனக்கு நிமோனியாவாம். ரெண்டாம் மாடியில படுத்திருக்கேனாம். மெசேஜ் வந்திருக்கு பாருங்க. எந்திரிச்சு எப்ப வந்தேன்னு எனக்கே தெரியல."

"பேரு என்னலே?"

"தாணுமாலையன். போன வாரம் தொண்டை வீங்கி வந்து ஊசி போட்டுட்டுப் போனேன்லா? இப்ப மாடியில கெடக்கது எங்க தாத்தா. அவியளும் தாணுமாலையன்தான்."

எங்கள் பக்கத்தில் பேரன் பிறந்தால் தாத்தா பேர்தான். அதிலென்ன அதிசயம்? பேர் ஒன்று, விலாசம் ஒன்று. தாத்தாவிடம் செல்போன் கிடையாது என்பதால் நம்பரும் ஒன்று. திறந்து பார்த்தேன். இரண்டு கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு இருந்தால் அதைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவதும் மாப்பிள்ளையின் வேலை. பேரனுடைய புதிய கோப்பை வைத்துக்கொண்டு தாத்தாவுடையதை ஒதுக்கிவிட்டது.

ஒதுக்கிய கோப்பைத் தேடி எடுத்தேன். முதல் வரியே சிவப்பில் இருந்தது: பென்சிலின் ஒவ்வாது, முன்பு ஊசி போட்டு மூச்சு நின்று பிழைத்தவர். டாக்டர் பார்க்கும் கோப்பிலோ, பென்சிலின் போட்டாயிற்று, ஒன்றும் செய்யவில்லை என்று இருந்தது. அது பேரனுக்குப் போட்டது. அதற்குக் கீழே டாக்டர் அன்றைக்கு எழுதிய மருந்தும் அதே வகை. போட வேண்டிய நேரமும் ஆகியிருந்தது.

வார்டுக்குப் போன் போட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. லிப்டுக்கு நிற்காமல் படியில் ஓடினேன்.

நர்ஸ் பிரிஸில்லா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டில் பக்கம் நின்றாள். பெரியவர் கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் அவர் மருமகள் பிரம்மநாயகி.

"நிறுத்துளா!"

"எக்கா, கத்தாதீய. ஸ்கிரீன்ல அலர்ஜி இல்லன்னுதானே இருக்கு? போன வாரமே போட்டு ஒத்துக்கிட்டிருக்கு. அதான் டெஸ்ட் ஊசிகூட வேண்டாம்னு டாக்டர் சொன்னாவ."

"அது பேரனுக்குப் போட்டது! வயசப் பாக்கலையா நீ?"

"இருபத்திமூணுன்னு போட்டிருந்துது. வயசானவங்களுக்கு வயசு என்னைக்குக்கா சரியா இருந்துது? பேரை வாசிச்சேன், இந்த அம்மா தலையாட்டுனாவ."

"மாமா பேரை நான் எப்படிம்மா வாயால சொல்லுவேன்?" என்றாள் பிரம்மநாயகி. "அந்தப் பிள்ள வாசிச்சா. சரிதானேன்னு தலையாட்டுனேன். ஏன், என்ன ஆச்சு?"

சொன்னேன். பாய்ந்து கட்டிலுக்கு முன்னால் வந்து மறித்து நின்றுகொண்டாள். பிரிஸில்லா ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் ஓடி வந்து மருந்தை மாற்றினார். மூச்சு மோசமாக இருந்ததால் பெரியவரை ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். நான் கீழே வந்து கோப்பை மறுபடி இரண்டாகப் பிரித்து, ஒவ்வாமையை எழுதி, ஒவ்வாமைக்காரர்கள் கையில் கட்டும் சிவப்புப் பட்டையை அச்சடிக்கச் சொன்னேன். அப்பாடா என்று தண்ணீர் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் ஐசியூவிலிருந்து போன்.

"சிவப்புன்னு சொன்னிய, எங்க மெஷின்ல வெள்ளப் பட்டைல்லா வருது? ஸ்கிரீன்லயும் அலர்ஜி ஒண்ணும் காணோம்."

பார்த்தேன். மறுபடி ஒரே கோப்பு. ஒரே பேரில் இரண்டு கிடக்கிறதே என்று மாப்பிள்ளை திரும்பச் சேர்த்துவிட்டது. நான் பிரிக்க, அது சேர்க்க, இதே கூத்துதான். மேலே ஓடி, பெரியவர் முன்கையில் மார்க்கர் பேனாவால் 'பென்சிலின் கூடாது' என்று எழுதினேன். எழுதி என்ன? போர்வைக்குள் போன கையை யார் பார்ப்பார்கள்? அடுத்த ஷிப்டுக்கு வருகிறவள் ஸ்கிரீனைத்தான் நம்புவாள். பிரிஸில்லா நம்பவில்லையா?

சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். செந்தில்முருகன் என்று ஒருவர் எடுத்தார்.

"புகார் டிக்கெட் போட்டீங்களா மேடம்?"

"போட்டாச்சு. ஒடனே அதை நிறுத்துங்க."

"அவசரமில்லாத மூணாம் நிலைன்னு பதிவாகியிருக்கு. நாளைக்குப் பார்ப்பாங்க."

"ஐசியூல ஆள் கெடக்காவ தம்பி! செத்தா அது எத்தனாம் நிலை?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "புரியுது மேடம். ஆனா நிறுத்துற அதிகாரம் எனக்கு இல்ல. ரூலை மாத்தணும்னா காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்ட உங்க நடராஜ் சாரே எழுதித் தரணும். கோப்பைச் சேர்க்கும்போது பிறந்த தேதியைப் பார்க்க வேண்டாம்னு சொன்னதே அவர்தான்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள்; இங்கே பூசாரி கொடுத்தாலும் சாமி கொடுக்காது போல. நடராஜ் எங்கள் மேனேஜர். கூட்டத்தில் இருந்தார்; எத்தனை முறை அடித்தும் போனை எடுக்கவில்லை.

என்னிடம் ஒரே ஒரு வழி இருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் கம்ப்யூட்டருக்குள் வரும் பேரைப் பூட்டிவைப்பது என் பொறுப்பு. மாப்பிள்ளையும் ஒரு பேரில்தானே உள்ளே வருகிறது? பூட்டினால் அத்தனையும் நிற்கும். நாமாகப் பூட்டினால், அப்புறம் எது நடந்தாலும் கம்பெனி கையை விரித்துவிடும். காண்ட்ராக்டில் அப்படித்தான் இருந்தது. என் வேலை போகும் என்பதும் தெரியும். போனால் போகட்டும் என்று பூட்டினேன். கோப்பைப் பிரித்தேன். இந்த முறை அது பிரிந்தே இருந்தது. ஐசியூவில் சிவப்புப் பட்டை கட்டிவிட்டதாகச் சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலப்பட்டது. லேப் ரிசல்ட் டாக்டருக்குப் போகவில்லை, வீட்டுக்குக் கிளம்பியவர்களுக்குச் சீட்டு வரவில்லை, கவுண்டரில் ஒரே சண்டை. நடராஜ் முகம் சிவக்க வந்தார்.

"யாரைக் கேட்டுப் பூட்டுன?"

"கேக்கத்தான் போன் அடிச்சேன். நீங்க எடுக்கல சார்."

"ஒருத்தருக்காக மொத்த ஆஸ்பத்திரியும் நிக்கணுமா? அவருக்குத்தான் பட்டை கட்டியாச்சுல்லா? திற இப்ப."

"திறந்தா அடுத்த நிமிஷம் வெள்ளப் பட்டை வரும். திறக்க மாட்டேன். பொறந்த தேதியைப் பாக்காண்டாம்னு எழுதிக் குடுத்தது நீங்கதானா?"

"ஆமா, நான்தான். நம்மூர்ல வயசானவன் எவனுக்குப் பொறந்த தேதி தெரியும்? பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்ட ஜூன் ஒண்ணை ஒருதரம் சொல்லுவான், அடுத்த தரம் வேற சொல்லுவான். அதை வச்சுப் பாத்தா ஒரே ஆளுக்கு நாலு கோப்பு கெடந்துது. யோசிச்சுத்தான் எழுதுனேன். திறக்கியா, இல்ல வீட்டுக்குப் போறியா?"

அவர் சொன்னதும் நிஜம்தான். அப்படித்தான் கோப்புகள் கிடந்தன. அதற்காக விட முடியுமா?

"சார், உங்க மகன் பேரு என்ன?"

"கார்த்திகேசன். இப்ப அதுக்கென்ன?"

"உங்க அப்பா பேரு?"

அவரும் கார்த்திகேசன்தான். அவர் அப்பாவுக்கு இருதய வால்வு மாற்றியது எங்கள் ஆஸ்பத்திரிக்கே தெரியும். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு பல்லைப் பிடுங்குவதென்றாலும் டாக்டர் அதைப் பார்த்துத்தான் கையை வைக்க வேண்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் நடராஜின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அப்பா பேரை அடித்தார். ஒரே ஒரு வரி வந்தது. கார்த்திகேசன், வயது எட்டு. தொடர்ந்து சாப்பிடும் மருந்து: எதுவும் இல்லை. முன்பு நடந்த அறுவை சிகிச்சை: எதுவும் இல்லை.

இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். அதே வரிதான்.

மேஜைமேல் போன் அடித்தது. செந்தில்முருகன். "சார் இருக்காரா மேடம்? ரோபோ பூட்டிக் கிடக்கு. உடனே திறந்துவிடச் சொல்லுங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நடராஜுக்கும் கேட்டது. குனிந்து போனை அணைத்தார்.

"திறக்காதீய சித்ரலேகா," என்றார். அதுவரை வா போ என்று பேசியவர். "அப்பாவோட பழைய கோப்பு கெடைக்குமா?"

எனக்கு வாயில் எவ்வளவோ வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அத்தனையும் போயிற்று. நாற்காலியை அவருக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டுத் தேட ஆரம்பித்தேன்.