ஒன்பதாவது துப்பாக்கி

ரூஃபஸ் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். முகம் மழித்தான். ஒரு தம்ளர் காப்பி போட்டு, நின்றபடியே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். இஸ்திரி போடாத சட்டைகளில் சுருக்கம் குறைவானதாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான். காரைக் கிளப்பி, மூன்றாவது சிக்னலில் இருக்கும் டோநட் கடையில் நிறுத்தி, சாக்லேட் பூசிய டோநட் ஒன்று வாங்கினான். பையைப் பக்கத்து சீட்டில் வைத்தான். அதை அவன் சாப்பிடுவதில்லை. சாயங்காலம் ஆபீஸ் காவலாளியிடம் கொடுத்துவிடுவான். எட்டு மாதமாக இப்படித்தான்.

அன்று சனிக்கிழமை. காவலாளி வரமாட்டான். இருந்தாலும் வாங்கினான்.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அவன் மனைவி ஜூடித் இறந்தாள். இருபத்தாறு வயது. ஹூஸ்டன் தமிழ்ச் சபையில் அத்தனை பேரும் அவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து அவள் அம்மா ஜெபராணியும் போனில் அதையே கேட்டாள். "கடைசியா என்னய்யா சொன்னா?" லைன் கரகரத்தது. எப்போது அறுந்துபோகுமோ தெரியாது. யோசிக்க நேரமில்லை. "சங்கீதம் சொல்லிக்கிட்டே போனா, அத்தை" என்றான். கிழவி அழுதுகொண்டே தோத்திரம் சொன்னாள். அடுத்த ஞாயிறு பாஸ்டர் பைபிளில் சங்கீதத்தைத் திறந்து வைத்து, அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். முப்பதாம் நாள் நினைவு அட்டையில் அச்சடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொய்யை யாரிடம் போய்த் திரும்பக் கேட்டு வாங்குவது?

அவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். நகை, ஓவியம், பியானோ என்று தனியாகப் பாலிஸி கேட்கும் வீடுகளுக்குப் போய், ஒவ்வொரு பொருளையும் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டும். அடியில் ஒரு வரி இருக்கும்: மேற்கண்ட அனைத்தையும் என் கண்ணால் கண்டேன். அதன் கீழே கையெழுத்து. ஜூடித் போன பிறகு இரண்டு முறை தவறிவிட்டான். ஒரு தடவை பியானோவைப் படகு என்று எழுதினான். இன்னொரு தடவை, பூட்டிய அறைக்குள் இருந்த ஓவியத்தைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதினான். டக் என்ற மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னான். மூன்றாவது தப்பு வந்தால் நாற்காலி இருக்காது. நாற்காலி போனால் கம்பெனி போட்டிருந்த கிரீன் கார்டு மனுவும் போய்விடும்.

இந்த நிலையில்தான் மகாதேவன் வீடு வந்து சேர்ந்தது.

மகாதேவன் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். கை மேல் ஊரும் எறும்பை ஊதித் தள்ளுகிறவர், அடிக்க மாட்டார். டெக்சாஸ் வந்த பதினோரு வருஷத்தில் மற்றவர்கள் படகு வாங்கினார்கள், இரண்டாவது வீடு வாங்கினார்கள். இவர் துப்பாக்கி வாங்கினார். காகித வட்டத்தைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. ஆனால் ஒன்பது இருந்தது. வீட்டு இன்ஷூரன்ஸில் துப்பாக்கிக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் தனிப் பாலிஸி வேண்டும். போன மாதம் அடுத்த தெருவில் திருடன் புகுந்தான். நாளை விடியற்காலை ஆறு மணி விமானத்தில் மகாதேவனும் மனைவி ஜலஜாவும் ஆறு வாரத்துக்கு மெட்ராஸ் போகிறார்கள். சனிக்கிழமையானாலும் டக் இன்று மத்தியானம் இரண்டு மணி வரை ஆபீஸில் இருப்பான்; அதற்குள் ஃபாரம் அவன் மேசைக்குப் போயாக வேண்டும்.

மகாதேவன் கதவைத் திறந்தார். "வா ரூஃபஸ். ஷூவைக் கழட்டிடு. துப்பாக்கியெல்லாம் பூஜையில இருக்கு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தான். ஹாலுக்குள் போனதும் புரிந்தது. சுவரோரம் சரஸ்வதி படம். முன்னால் புத்தக அடுக்கு, கால்குலேட்டர், தையல் மெஷின், இரண்டு கார் சாவி. அதற்கு முன்னால் சிவப்புப் பட்டின் மேல் எட்டுத் துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஒரு ரிவால்வருக்குக் கதம்பம் கூடச் சுற்றியிருந்தது. பின்னால் நீளமாக ஒரு தோல் பெட்டி, மாலை போட்டு.

"இன்னிக்கு ஆயுத பூஜை. கால்குலேட்டருக்கு வெச்சா இதுக்கும் வெக்கணுமோல்லியோ?" என்றார் மகாதேவன்.

"எடுத்துப் பாக்கணுமே, அங்கிள். சீரியல் நம்பர் எழுதணும்."

சமையலறையிலிருந்து ஜலஜாவின் குரல் முதலில் வந்தது, அப்புறம் ஜலஜா வந்தாள். "தொடப்படாது! நாளைக்குக் காலம்பற நாலு மணிக்குப் புனர்பூஜை. அதுக்கப்புறம்தான் எடுக்கலாம்."

"நாலு மணிக்கு நான் வந்தா டக் என்னைப் பாராட்ட மாட்டான், ஆண்ட்டி. ரெண்டு மணிக்குள்ள ஃபாரம் போகணும்."

"பாக்கத்தானே வேணும்? பாரு. யாரு வேண்டாம்னா?"

ரூஃபஸ் கார்ப்பெட்டில் குப்புறப் படுத்தான். முதல் ரைஃபிளின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் காலணா அகலத்துக்குச் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும்.

"நம்பர் மேலயே வெச்சிருக்கீங்க."

"தட்டையா இருந்த எடத்துல வெச்சேன். மத்ததெல்லாம் வழவழன்னு, சந்தனம் நிக்கவே இல்லை."

"லேசாத் தொடச்சுக்கட்டுமா?"

"சாமிக்கு வெச்சதைத் துடைக்கறதாவது!"

மகாதேவன் தாடையைச் சொறிந்தார். உள்ளே போய் மனைவியின் ஹேர் டிரையரோடு வந்தார். "துடைக்கத்தானே கூடாது? ஊதலாமே."

ஜலஜா பிளக் இருக்கும் இடத்தைக் காட்டினாள். மகாதேவன் ஊத, சந்தனம் காய்ந்து செதில் செதிலாகப் பறந்தது. குங்குமம் மொத்தமும் ரூஃபஸ் முகத்தில் வந்து இறங்கியது. எட்டு நம்பரையும் எழுதி முடித்து எழுந்து உட்கார்ந்தபோது அவன் நெற்றி, மூக்கு, காலர் எல்லாம் சிவப்பு.

"அம்சமா இருக்கு" என்றாள் ஜலஜா.

"பாஸ்டர் பாத்தா எனக்கு மறுபடியும் ஞானஸ்நானம் குடுப்பார், ஆண்ட்டி."

போலராய்ட் படங்கள் எடுத்தான். ஒவ்வொன்றின் பின்னாலும், சிவப்பாக இருப்பது ரத்தம் அல்ல, மதச் சடங்குப் பொடி என்று எழுதினான். டக் கேட்காமல் விடமாட்டான்.

"அந்தப் பெட்டி?"

"அது ரெட்டைக் குழல். அறுபது வருஷத்துச் சரக்கு. இருக்கறதுலயே ஒசத்தி அதுதான்" என்றார் மகாதேவன்.

"அதைத் திறக்கப்படாது" என்றாள் ஜலஜா, கொஞ்சம் வேகமாகவே. "மூடினபடியே பூஜையில வெச்சாச்சு. மூடினபடியேதான் எடுக்கணும்."

மகாதேவன் பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மிகவும் பணிவாக. "நீங்க பேசிண்டிருங்கோ. நான் கார்ல சூட்கேஸை ஏத்தறேன்."

அவர் வெளியே போனதும் ஜலஜா ரூஃபஸைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ஒரு தட்டில் சுண்டலை வைத்து நீட்டினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒம்போதுன்னு எழுதிடு."

"எட்டுத்தானே பாத்தேன்?"

"பெட்டிக்குள்ள இருக்கு."

மூலையில் வேக்கம் க்ளீனர் நின்றது. குழாய் இல்லை, வெறும் உடம்பு மட்டும். பண்டிகை நாளில் கார்ப்பெட்டில் அரிசி மணியும் பூவிதழும் கிடந்ததை அவன் குப்புறப் படுத்தபோதே கவனித்திருந்தான். இப்போது வேக்கம் க்ளீனரைப் பார்த்தான். ஜலஜா அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

"வித்துட்டேன்" என்றாள். "ஆகஸ்ட்ல பழைய சாமானையெல்லாம் வாசல்ல பரப்பி கராஜ் சேல் போட்டேன். அவர் லூயிசியானா போயிருந்தார். மீன் புடிக்கற கம்புப் பெட்டின்னு நெனச்சு பத்து டாலர் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். ஒருத்தன் வந்தான், திறந்து பாத்தான், விசில் அடிச்சான். பேரம் பேசாம வாங்கிண்டான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

"பெட்டி இங்கேதானே இருக்கு?"

"பெட்டி வேண்டாம், உள்ள இருக்கறது போறும்னுட்டான். நல்ல மனுஷன்."

"அங்கிளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சும்மா இருப்பாரா? அந்த ரெட்டைக் குழலுக்கு முத்தம் குடுக்காத குறை. நாளைக்கு அவசரத்துல பெட்டியை அப்படியே சேஃப்ல வெச்சுப் பூட்டிடுவேன். மெட்ராஸ்லேந்து வந்தப்புறம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். உங்க பாலிஸியில அதுவும் உண்டாமே, எப்படிப் போச்சுன்னு தெரியாம போறது?"

"உண்டு. ஆனா எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமே, ஆண்ட்டி."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே!"

ரூஃபஸ் சுண்டலை மென்றான். தேங்காய் நிறையப் போட்டிருந்தாள். "கையெழுத்துப் போட முடியாது" என்றான். "பாக்காததைப் பாத்தேன்னு எழுதினா என் வேலை போயிரும். கிரீன் கார்டும் போயிரும்."

ஜலஜா முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "நீ பொய் எழுத மாட்டே. எனக்கே தெரியும். சங்கீதம் சொல்லிண்டே போனாளே, அப்பேர்ப்பட்ட பொண்ணோட ஆம்படையான். உன்கிட்ட போய்க் கேட்டேனே, என்னைச் சொல்லணும்."

அவன் தட்டை வைத்துவிட்டு வெளியே நடந்தான். எட்டுத்தான் என்று மகாதேவனிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். பெட்டி திறக்கவில்லை, அதனால் என்று சொல்லலாம். அது பொய்யில்லை. அப்படியானால் நானே திறக்கிறேன் என்று அவர் போனால் என்ன செய்வது என்பதை வாசல்படி இறங்கும்வரை யோசித்தான். 

மகாதேவன் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சூட்கேஸ் எதையும் ஏற்றியதாகத் தெரியவில்லை.

"அங்கிள், எட்டுன்னுதான்..."

"இங்க வா." டிக்கிக்குள் ஒரு பழைய ஜமுக்காளம். அவர் ஓரத்தைத் தூக்கினார். இரண்டு குழல்கள் பளபளத்தன. "நம்பர் எழுதிக்கோ. இதுல குங்குமம் இல்லை, சௌகரியம்."

ரூஃபஸ் துப்பாக்கியைப் பார்த்தான். வீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"ரேஞ்ச்ல எனக்குப் பக்கத்துல நின்னு சுடறவன் பீட். ஒருநாள் புதுசா ஒரு துப்பாக்கி வாங்கினேன்னு காமிச்சான். பாத்தா என்னுது! நாலு நாள் கெஞ்சித் திருப்பி வாங்கினேன்."

"ஆண்ட்டிகிட்ட சொல்லலியா?"

"எதுக்குச் சொல்லணும்? ரெண்டு மாசமா துப்பாக்கியைப் பத்தி ஒரு வார்த்தை திட்டலை. வாராவாரம் அடை, அவியல். கார்த்தால வேக்கம் க்ளீனர் குழாய்க்குக் கற்பூரம் காட்டறா, நான் கன்னத்துல போட்டுக்கறேன். சிரிப்பை அடக்க முடியாம கண்ணுல தண்ணி வந்துடுத்து. பக்தின்னு நெனச்சுண்டா."

"அவங்க பயந்துபோய் இருக்காங்க, அங்கிள்."

"இன்னிக்கு ஒரு நாள்தான். அவ தூங்கினப்புறம் இதை உள்ள வெச்சுட்டுக் குழாயை எடுத்துடுவேன். நாலு மணிக்கு, பெட்டி ஏன் இவ்வளவு கனக்கறதுன்னு திறந்து பாப்பா. சரஸ்வதி கடாட்சம்னு நெனச்சுக்கட்டும்." ஜமுக்காளத்தை இழுத்து மூடினார். "நீ மட்டும் மூச்சு விடப்படாது. சத்தியம்?"

"சத்தியம்."

நம்பரை எழுதினான். படம் எடுத்தான். பானெட் மேல் ஃபாரத்தை வைத்து, ஒன்பது என்று நிரப்பி, கண்ணால் கண்டேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். எட்டு மாதத்தில் அவன் யோசிக்காமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

ஷூவை எடுக்க உள்ளே போனபோதுதான் ஜலஜா சமையலறையிலிருந்து வாசலுக்கு வந்தாள். ஃபாரத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். ஒன்பது வரிகளையும் விரலால் எண்ணினாள். கண் நிறைந்துவிட்டது.

"எழுதிட்டியா? எனக்காகவா?"

அவன் ஷூவுக்கு நாடா கட்டினான்.

"ஐயோ, உன்னைப் பொய் சொல்ல வெச்சுட்டேனே. நாள் கெழமையுமா. மேல இருந்து ஜூடித் என்னைப் பத்தி என்ன நெனச்சுப்பா?"

பொய் இல்லை என்று சொல்ல முடியாது, சத்தியம் செய்திருக்கிறான். சும்மா போகவும் முடியவில்லை. தன்னால் ஒரு நல்லவன் கெட்டான் என்று இந்த அம்மா மெட்ராஸ் வரை அழுதுகொண்டே போவாள். நிமிர்ந்தான்.

"ஆண்ட்டி, அவ சங்கீதம் ஒண்ணும் சொல்லல."

"என்னது?"

"நான்தான் எடுத்து விட்டேன். அவ அம்மா போன்ல கேட்டாங்க. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

ஜலஜா படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஊரே சொல்றதேடா. அட்டையில போட்டிருந்ததே."

"ஆமா. இந்த ஃபாரம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. நீங்க அழாதீங்க."

 அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள். "அப்போ நெஜமா என்னதான் சொன்னா?"

அவன் உட்கார்ந்தான். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஜூடித்துக்கு இனிப்பு கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அறைக்கு வெளியே மேசையில் ஒரு நர்ஸ் தினமும் டோநட் பெட்டி வைத்திருப்பாள். கடைசி நாள் காலை ஜூடித் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் கதவு வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனான். எடுத்தான். செய்தித்தாளுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தான். மொத்தம் இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது, அதற்குள் அவள் போய்விட்டாள். டோநட் அவன் கையிலேயே இருந்தது.

இதையெல்லாம் வரிசையாகச் சொன்னான்.  ஜலஜா கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது. ஜூடித் சொன்ன மாதிரியே, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஏங்க, அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பிட்டா. ஓடிப்போய் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. சாக்லேட் போட்டது."