அழுகை மாற்று மனு

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் அழுதால் சத்தம் அவர்களுடைய காப்பாளர் வீட்டில்தான் கேட்கும். அந்த ஊரில் ஆதியிலிருந்தே அப்படித்தான். பிள்ளைகள் பெரும்பாலும் காப்பாளரோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததால் அது யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை.

இலக்கியாவுக்குப் பதினாறு வயதும் பத்து மாதமும். அப்பா முன்பே போய்விட்டார். போன வருடம் அம்மாவும் இறந்தபின் தெய்வானை அத்தை காப்பாளரானாள். பிறகு இலக்கியாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு வயது போதாததால் குழந்தையும் அத்தையின் பெயரிலேயே ஏறியது. தகப்பன் பெயர் கேட்ட கட்டத்தில் எழுத்தர் ஒரு கோடு போட்டு முடித்தார்.

"அவ இந்தப் படி ஏறக் கூடாது" என்று அத்தையின் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் இலக்கியா ரயில் தடத்தை ஒட்டிய அம்மா வீட்டிலேயே குழந்தையோடு இருந்தாள். குழந்தையின் அழுகை மட்டும் இரண்டு தெரு தாண்டி, படி ஏறி, அத்தையின் அடுப்படியில் போய் நின்றது. மாமா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

அத்தை போன் பண்ணுவாள்.

"ஏட்டி, புள்ள அழுவுது. என்ன செய்யுத?"

"துணி அலசிக்கிட்டிருந்தேன் அத்தே."

"காதுதான் கேக்காது, கண்ணுமா தெரியாது? போய்த் தூக்கு."

போனில் சார்ஜ் ஒரு கோடு குறைந்தாலும் இலக்கியா ஓடிப்போய் சார்ஜில் போடுவாள். அரிசி களையும்போதுகூட குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டே களைவாள்.

ஒரு நாள் அத்தை நேரில் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"கோவில்பட்டியில ஒரு புருசன் பெஞ்சாதி. பதினோரு வருசமாப் புள்ள இல்ல. அழுகைய அவுக பேருக்கு மாத்திக் குடுக்க மனு போட்டிருக்கேன். நல்ல கெட்டிச் சுவரு வீடு."

அழுகை போன வீட்டுக்கு நாற்பத்தைந்து நாளில் குழந்தையும் போய்விட வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த விதி.

"எம் புள்ள அத்தே."

"இல்லன்னு யாரு சொன்னா? நீ எம் பேர்ல இருக்க, அதுவும் எம் பேர்ல இருக்கு. எனக்கும் ரெண்டு காதுதாம்ட்டி."

அத்தை திரும்பிப் போனதும் இலக்கியா அழுதாள். அத்தை வீடு போய்ச் சேருமுன் அந்த அழுகை அங்கே போயிருக்கும். மாமா டிவியைக் கூட்டியிருப்பார்.

மறுநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள். அழுகைப் பிரிவில் எழுத்தர் ஜெபராஜ் நூல் கோத்துக் கோப்புக் கட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நீ மனு குடுக்க முடியாதும்மா. வயசு இல்ல."

"கேள்வி கேக்கலாமா சார்?"

அவர் யோசித்தார். "கேள்விக்கு வயசு வரம்பு போடல. கேளு."

"அழுகைய மாத்த முடியாதுன்னு எப்பவாவது உண்டா?"

ஜெபராஜ் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். "ஒண்ணு இருக்கு. ஒரே வீட்ல ரெண்டு பேர் அழுகை வந்து விழுது, எது யாருதுன்னு வீட்டுக்கு வந்து கேட்டுப் பாக்குத ஆய்வாளருக்குப் பிரிக்கத் தெரியலன்னு வையி. கூட்டு அழுகைன்னு எழுதிருவாரு. பெறவு அதத் துண்டு போட முடியாது."

"ஆய்வு என்னைக்கு சார்?"

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழம பதினோரு மணி. ஒனக்கு இன்னும் ஒம்பது நாளு இருக்கு" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அன்றிலிருந்து குழந்தை அழும்போதெல்லாம் இலக்கியாவும் அதைப் பார்த்து அதே மாதிரி அழுதாள். முதலில் கீழுதடு மடங்கும். பிறகு வலது கால் உதைக்கும். அப்புறம் வாய் திறப்பது மூன்று குட்டை, ஒரு நெட்டை. அழக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டுமே காதில் விழாததால் சரியாக வருகிறதா என்றுதான் தெரியவில்லை. அதை அத்தையே போனில் சொன்னாள்.

"என்னட்டி, புள்ள ரெண்டு தொண்டையில அழுவுத மாதிரி இருக்கு?"

"சளி பிடிச்சிருக்கு அத்தே."

ஏழாம் நாள் போனில் அத்தை இரண்டு தொண்டை என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வாளர் அத்தையின் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இங்கே குழந்தை வயிறு நிறைந்து, பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தது. பதினொன்றேகால் ஆயிற்று. இலக்கியாவின் கை குழந்தையின் தொடைவரை கிள்ளப் போய்த் திரும்பி வந்தது. தான் மட்டும் அழுதால் ஆய்வாளர் உடனே பிரித்துவிடுவார். இருபது. இருபத்தைந்து. ஆய்வாளர் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தாள். அவளறியாமல் கீழுதடு மடங்கியது.

குழந்தை ஒன்பது நாளாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உதடும் மடங்கியது. மூன்று குட்டை, ஒரு நெட்டை. எதிரெதிரே இரண்டு வாய்கள் திறந்திருந்தன. வீட்டில் கடிகாரம் மட்டும் கேட்டது.

மதியம் அத்தை கூப்பிட்டாள். "ஆய்வாளரு காதப் பொத்திப் பொத்தித் தொறந்து பாத்தாரு. ஒண்ணுதான்னு எழுதிட்டுப் போயிட்டாரு." பிறகு கேட்டாள். "நீயும்தான் அழுதியாட்டி இத்தன நாளும்?"

"ஆமா அத்தே."

உத்தரவு தபாலில் வந்தது. கூட்டு அழுகை, பிரிக்கவோ மாற்றவோ இயலாது. அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. கூட்டு அழுகை உடையவர்களின் வயது, அவர்களில் இளையவரின் வயதாகவே கொள்ளப்படும். இலக்கியா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். காப்பாளர் கூட வர வேண்டும் என்பதால் அத்தையும் வந்திருந்தாள். செவிலியர் பட்டியலைப் பார்த்து, குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டு விரலில் மை வைத்தார்.

"அடுத்தது" என்றார்.

இலக்கியா குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். செவிலியர் அவள் பின்கழுத்தைத் தாங்கிப் பிடித்து இரண்டு சொட்டு விட்டார். சுண்டு விரலில் மை வைத்தார்.

"மூணு மாசம் முடிஞ்சிட்டுல்ல? தலை நின்னுட்டா இதுக்கு?" என்று அத்தையிடம் கேட்டார்.

"இப்பந்தான், கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் அத்தை.

செவிலியர் மெதுவாகக் கையை எடுத்தார். இலக்கியா தலையை நிறுத்திக் காட்டினாள்.