விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி

நுவரெலியாவில் எங்கள் கம்பெனி கட்டிய ஹோட்டலில் நிலநடுக்கத் தாங்கிகளைப் பொருத்தியவள் நான். தூண்களுக்கிடையே நிக்கல்-டைட்டேனியம் கம்பிகள். ஆட்டத்தின் வேகத்தைத் தின்றுவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பும் உலோகம். உல்லாசப் பயணிகள் பயமில்லாமல் தூங்க வேண்டுமாம்.

என் அம்மா பேச்சியம்மா தூங்கியது உடப்புசல்லாவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு வெள்ளைக்காரன் கட்டிய வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில். கல்லும் மண்ணும் சேர்த்த சுவர். அதில் விரல் நுழையும் விரிசல்.

அதே உலோகத்தில் இன்னொரு ரகக் கம்பித்துண்டை வளைத்துச் சுடுதண்ணீரில் போட்டு, அது நிமிர்வதை அம்மாவுக்குக் காட்டினேன்.

"என் இடுப்புக்கும் ரெண்டு வச்சு வுடு புள்ள. கங்காணி வாய மூடிருவான்" என்றாள்.

"இந்தச் செவத்துக்கே வைக்க முடியாதும்மா. எதப் புடிச்சுக்கிட்டு நிக்கும்? நீ மொதல்ல வெளிய வா."

"காம்பராவ விட்டா தோட்டத்துத் தொர வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. அப்புறம் ஒன் போர்டிங் கட்டில்லயா படுக்கறது?"

தோட்ட ஆபீசில் ஒரு வருடமாகக் கத்திப் பார்த்தேன். கிளாக்கர், "எல்லா லயமும் வெடிச்சுத்தான் கெடக்கு" என்றார்.

கடைசியில் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித்துண்டைச் சீமெந்தால் ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் அது உடையும்.

"ஒடைஞ்ச அன்னைக்கே அடுத்த லயத்து வேலாயி அக்கா காம்பராவுக்குப் போயிரணும்."

என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். போனில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "ஒடையலடி, பத்திரமா இருக்கு."

2007இல், தீபாவளி முடிந்து மழை விடாத ஒரு காலையில் நிலம் லேசாக அதிர்ந்தது. பாத்திரங்கள் கலகலக்கும் அளவுதான். சுவர் அம்மா மேல் விழுந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை வேலாயி அக்கா காம்பராவில் கிடத்தியிருந்தார்கள். அக்கா துணியில் சுற்றிய எதையோ நீட்டினாள். கண்ணாடி. கீறல்கூட இல்லை.

"தீவாளிக்கு வெடிப்புல மண்ணு பூசி வெள்ளையடிச்சாங்க. புள்ள ஒட்டுனது ஒடைஞ்சிரக் கூடாதுன்னு பேத்தெடுத்து எங்கிட்ட குடுத்து வச்சாங்க."

கிளாக்கர் அருகில் வந்து, "மண்ணப் பூசி மறைச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"ஒரு வருசமா ஒங்க வாசல்ல நின்னப்ப மறைச்சா வச்சிருந்தோம்?"

ஆள் நகர்ந்துவிட்டார்.

அப்போது போன் அடித்தது. எங்கள் எஞ்சினியர், யாழ்ப்பாணத்து நடராசா சார். துக்கம் அவருக்குத் தெரியாது.

"பிள்ளை, எங்கட கம்பியெல்லாம் அசைஞ்சு பழையபடி வந்திட்டுது! கட்டடத்துக்கு ஒண்டுமில்லை. நாளைக்கு வந்து அளவெடுப்பீரே?"

"எங்கம்மாவ இன்னும் எடுக்கல சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்ன பிள்ளை?" என்றார்.

போனை வாசல் பக்கம் நீட்டினேன். அங்கே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.