தலை சாய்ந்த இடம்

ராத்திரி முழுக்க ஓடிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பும் பஸ்களின் ஜன்னல் கண்ணாடிகளில், சீட்டுக்கு ஒன்றாக எண்ணெய்க் கறை இருக்கும். தூங்கினவர்கள் தலை சாய்த்த இடம். வெளியே நின்று ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கிற வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். உள்ளே ஏறி, சீட்டுக்குச் சீட்டு குனிந்து, அந்தக் கறையை எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். அதைச் செய்து செய்தே, ஷெட்டில் பஸ் கழுவுகிற ஒருவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயராகிவிட்டது. யாரோ மூக்குக்கண்ணாடி போட்ட ஆள் என்று நினைத்து ஷெட் முழுக்கத் தேடி அலைந்த புது சூப்பர்வைசரும் உண்டு.

அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தார். வீடு காலி பண்ணுகிற நாள். கழுவுகிற திரவத்தில் ஒரு பாட்டிலும் நாலு பழைய துணியும் பையில் எடுத்துக்கொண்டார். சாவி கொடுப்பதற்கு முன்னால் வீட்டைத் துடைத்துக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும்.

"கூட யாராவது வரணுமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"என்ன பெரிய சாமான் சார். நானே போதும்."

யாராவது ஒருவர் வந்தால் தேவலை என்றுதான் இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

மனைவி போய் மூன்று மாதமாகிறது. இருவர் சம்பளத்தை நம்பி எடுத்த வீடு அது. அவள் பார்சல் ஆபீஸில் பெட்டி பிரிக்கிற வேலை பார்த்தாள். அவள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு சம்பளம் நின்றது, மிச்சம் வைத்திருந்ததை ஆஸ்பத்திரி தின்றது. இப்போது அவருடையது என்று சொல்லிக்கொள்ள, வீட்டுக்காரரிடம் கிடந்த அட்வான்ஸ் ஒன்றுதான் இருந்தது. அதை வாங்கி, ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடி அறைக்குக் கட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் முழுசாகக் கொண்டுவராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அந்த அறைக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

சாமான்களை ஏற்றிய வேன் வாசலில் நின்றது. வேன்காரப் பையன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடப்பவர் மாதிரி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"குழாய் சொட்டுதே?"

"நாங்க குடிவந்த அன்னிக்கே சொட்டிச்சு சார். ரெண்டு தடவை வந்து சொன்னேன்."

"சொன்னதுக்கு என்ன சாட்சி?"

"நீங்கதான் சார் சாட்சி. பாக்கலாம், பாக்கலாம்னு சொன்னீங்க."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, குழாயை விட்டுடுவோம். பின்கதவு அடியில ஊறிப் போயிருக்கே, அதுக்கு?"

"மழைத்தண்ணி உள்ள வருது சார். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"தொடச்சு வச்சிருக்கலாம்ல? சரி, அது பாதி உங்க கணக்கு, பாதி என் கணக்கு."

தனக்கு இவ்வளவு பேச வருமா என்று கண்ணாடிக்காரருக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளியாட்களிடம் பேசுவதெல்லாம் அவள் இலாகா. அவள் இருந்திருந்தால் அந்தப் பாதிக் கதவையும் விட்டிருக்க மாட்டாள்.

உள் அறைக்குப் போனார்கள். கட்டிலை வெளியே எடுத்துவிட்டதால் அறை பெரிதாகத் தெரிந்தது. கட்டில் கிடந்த பக்கத்துச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, வெளிர்பச்சைப் பூச்சின்மீது கறுப்பாக ஒரு வட்டம் பளபளத்தது.

"இது என்னங்க?"

"அவ சாஞ்சிருந்த இடம் சார்."

படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். கடைசி மாதங்களில் கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் தலை வைத்தபடியேதான் தூங்கினாள். தலை வறண்டு அரிக்கிறது என்பாள். வேலை விட்டு வந்ததும் அவர்தான் எண்ணெய் தேய்த்துவிடுவார். அவருக்கு அளவாகத் தேய்க்கத் தெரியாது, கழுத்தெல்லாம் வழியும். "என்னைப் பொரிக்கப் போறீங்களா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பாள். பஸ்ஸில் தினமும் இதைப் பார்க்கிறவர், வீட்டுச் சுவரில் இருந்ததை ஒரு நாளும் கறை என்று நினைத்ததில்லை.

"நல்ல பொம்பளை, பாவம்" என்றார் வீட்டுக்காரர். "ஆனா வர்றவங்க கேப்பாங்கல்ல? எண்ணெய் மேல பெயின்ட் நிக்காது. இந்தச் சுவத்தைச் சுரண்டி, பட்டி பாத்து அடிக்கணும். அட்வான்ஸ்ல கால்வாசி அதுக்கே போயிடும்."

"அவ்வளவு புடிச்சீங்கன்னா எனக்குப் புது ரூம் கெடைக்காது சார்."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"நானே எடுத்துடறேன். எண்ணெய்க் கறை எடுக்கறதுதான் சார் என் வேலையே."

வீட்டுக்காரர் யோசித்தார். "கறை போயிடுச்சுன்னா நான் ஏன் கழிக்கப்போறேன்? டீ குடிச்சுட்டு வர்றேன்."

கண்ணாடிக்காரர் துணியை நனைத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் முட்டிபோட்டார். கை எழவில்லை. அவளுடைய துணிமணியெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. போட்டோவில் இருப்பவள் விறைப்பாக வேறு யார் வீட்டுப் பெண்ணோ போல இருப்பாள். அவள் அவளாக இருந்த இடம் இது ஒன்றுதான். நெற்றியை அதில் வைத்துப் பார்த்தார். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. எண்ணெய் வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"வேற வழி தெரியலடி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

கண்ணாடியில் தேய்ப்பது போலவே வட்ட வட்டமாகத் தேய்த்தார். எண்ணெய் இளகி வந்தது. முதல் துணி கறுத்தது, இரண்டாவதும் கறுத்தது. மூன்றாவது துணி பச்சையாக வந்தபோதுதான் அவருக்குத் திக்கென்றது. கண்ணாடியில் எவ்வளவு அழுத்தினாலும் கண்ணாடி போகாது. இங்கே கறையோடு சேர்ந்து பூச்சும் கரைந்து, தலை அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம் விழுந்திருந்தது. விளிம்பையாவது சமன் செய்யலாம் என்று லேசாகத் துடைத்தார். வட்டம் இன்னும் பெரிதானது. துணியைக் கீழே போட்டுவிட்டார்.

திரும்பி வந்த வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"கறை போயிடுச்சு சார்."

"கறை போயிடுச்சு, கூடவே சுவரும் போயிடுச்சே! முன்னாடி இந்த ஒரு பக்கம் அடிச்சாப் போதும். இப்ப இதே பச்சைக்கு நான் எங்க போவேன்? நாலு சுவரும் அடிச்சாத்தான் உண்டு. முக்கால்வாசி அதுக்கே ஆயிடும்."

"கறை போனா கழிக்க மாட்டேன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"சுவத்தை உரிங்கன்னு சொன்னேனா?"

"நான் ஒத்துக்க மாட்டேன் சார். முழுசாக் குடுக்காம சாவி தர மாட்டேன்."

"தாராளமா வச்சுக்குங்க" என்றார் வீட்டுக்காரர், கோபமே இல்லாமல். "சாவி உங்க கையில இருக்கற வரைக்கும் வாடகை ஓடும்."

காலியான அறையில் அது இரண்டு தடவை கேட்டது போலிருந்தது. கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். வீட்டுக்காரர் கழித்துக்கொண்டு கொடுத்த மீதியை எண்ணாமல் வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்க்கிற அளவுக்கு அது இல்லை.

வேனுக்குப் பக்கத்தில் நின்று மாடி அறைக்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"கொஞ்சம் கம்மியா இருக்கும்மா. மீதிய மாசா மாசம்..."

"இல்லப்பா. இங்க ஒருத்தர் பணத்தோட நிக்கிறாரு. தப்பா நெனச்சுக்காத."

போனைப் பைக்குள் வைத்தார்.

"எங்க போகணும் பெரியவரே?" என்றான் வேன்காரன்.

"பஸ் ஷெட்டுக்குப் போப்பா."

"ஷெட்டுக்கா? கட்டிலு, பாத்திரமெல்லாம் இருக்கே?"

"ஓடாத பஸ் ஒண்ணு பின்னாடி நிக்குது. அதுல வச்சுக்கறேன்."

வேன்காரன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். கட்டில் ஆடாமல் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு இளம் ஜோடி விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக அவர்களை முன்னறையில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் உள் அறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

கண்ணாடிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு, திறந்திருந்த உள் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்த வெள்ளை வட்டத்துக்குச் சற்று மேலே வீட்டுக்காரர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்து, வட்டம் மறைகிற மாதிரி ஒரு பெரிய காலண்டரை அதில் மாட்டிய பிறகு அவர்களை உள்ளே கூப்பிட்டார். அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பெயின்ட் அடிச்சுத் தருவீங்களா சார்?" என்று கேட்டான் கூட வந்தவன்.

"எதுக்குங்க? சுவரு நல்லாத்தானே இருக்கு" என்றார் வீட்டுக்காரர், கோணலாகத் தொங்கிய காலண்டரை இரண்டு கையாலும் நேராக்கியபடி.