வெர்னா கேட்ட சின்னக் குழல்

வெர்னா துப்பாக்கியைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்தாள். பிரிக்காமலே தெரிந்துவிட்டது. என் தம்பி, அவள் புருஷன் ஹார்லனுடையது. அவன் செத்து நாற்பத்தோரு வருஷம். முயல் அவரைக்கொடியை மேய்கிறதாம். பழைய முப்பத்திரண்டு அளவுத் தோட்டா எந்தக் கடையிலும் வருவதில்லை, சின்ன இருபத்திரண்டு அளவுக்கு மாற்றிக் கொடு என்றாள்.

"வேற ஆளே கிடைக்கலையா?"

"யாரையும் நம்பாத உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கிச்சு, கிழவா."

எனக்குப் பிடித்த வேலைதான். துருப்பிடித்த குழலை நீளத் துளைமுனையால் குடைந்து, உள்ளே மெல்லிய புதுக் குழலைச் செருகி ஒட்டினால், நூறு வயதுத் துப்பாக்கி மறுபடி வாய் திறக்கும். சுள்ளி முறிகிற சத்தம்தான். தோளை இடிக்காது. அப்படி ஏழு வைத்திருக்கிறேன், ஞாயிறு முழுக்கச் சுட்டாலும் சலிக்காது.

இதைக் கழற்றியதும் கை நின்றுவிட்டது. விசையை இழுக்கும்வரை துப்பாக்கியின் சுத்தியைப் பிடித்து நிறுத்தும் பல்லில் என் அரத்தின் கீறல் அப்படியே இருந்தது. இந்தப் பென்சில்வேனியா மலைப்பக்கம் இலை உதிரும் காலத்தில் வான்கோழியைப் பரிசாக வைத்துக் குறிசுடும் பந்தயம் நடத்துவார்கள். விரல் பட்டாலே விசை விழவேண்டும் என்று ஹார்லன் நச்சரித்தான். அராவினேன், கொஞ்சம் கூடிப்போனது. வான்கோழியை ஜெயித்தான். பந்தயம் முடிந்ததும் வேறு பல் மாட்டித் தருகிறேன் என்றிருந்தேன். அதற்குள் அணில் வேட்டைக்குப் போய்விட்டான். வேலி தாண்டும்போது வெடித்தது. கால் இடறியது என்று சாவை விசாரித்த கவுண்டி அதிகாரி எழுதினார். அதிகாரிகள் எழுதுவதை நான் நம்பியதேயில்லை. அதை மட்டும் நம்பிக்கொண்டேன்.

மூன்று நாள் வேலை. அரத்தை எடுக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால், "இன்னும் கொஞ்சம், எல்வுட்" என்றான் ஹார்லன். நான் திரும்பவில்லை.

பல்லை அப்படியே விட்டால் அவளையும் கொல்லும். மாற்றினால் அராவியது நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவாள், அந்த வருஷம் அவளும் அதில் சுட்டவள். மாற்றினேன்.

கொட்டகைக்குப் பின்னால் கம்பங்களில் இரண்டு தகர டப்பா வைத்தோம். முதல் குண்டிலேயே ஒன்று விழுந்தது. சின்னப் பெண்போலச் சிரித்தாள். பிறகு விசையைத் தடவிப் பார்த்தாள்.

"கடுசா இருக்கு."

"அப்படித்தான் இருக்கணும்."

"அப்போல்லாம் தொட்டாலே விழும். யாரு அராவினான்னு அவர்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு, பேரு சொல்லலை."

அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிச் சுத்தியை இழுத்தாள்.

"வெர்னா" என்றேன்.

"சொல்லு."

துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். விரல் விசைமேல் இருந்தது; சுடாமல் நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். கம்பத்தின்மேல் மிச்சமிருந்த டப்பா வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.