சதுரத்துக்கு இரண்டு வீடு

தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் ஷைனி. "செவ்வகம்னா என்ன?" என்று அவள் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும்: நான்கு பக்கம், எதிர்ப் பக்கங்கள் சமம், நான்கு மூலையும் செங்கோணம். ஆனால் பலகையில் ஒரு சதுரத்தை வரைந்து, "இது செவ்வகமா?" என்று கேட்டுவிட்டால் போதும். "இல்ல டீச்சர்!" என்று கூரை அதிரும்.

"ஏன் இல்ல?"

"செவ்வகம்னா நீளமா இருக்கும்லா? கதவு கணக்கா."

ஒப்பித்தது வாயோடு நின்றுவிட்டது. தீர்ப்பு சொன்னது கண். ஷைனிக்கு அலுத்துப்போனது.

ஒருநாள் காலை செம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின், அங்கே சொல்வதுபோல் ஒரு 'சொசைட்டி'யின், வாசலைப் பார்த்தாள். கூரியர் கொண்டுவந்தவரை வாட்ச்மேன் மறித்து ஆயிரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் பெஞ்சுகளை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, இரண்டு மூலைகளில் காகிதம் எழுதி ஒட்டினாள்.

"மக்களே, இந்த மூலை செவ்வகம் சொசைட்டி. அந்த மூலை சாய்சதுரம் சொசைட்டி. வாசல்ல ரூல் ஒட்டியிருக்கு. ரூல் சரியா இருந்தா மட்டும்தான் உள்ள விடணும்."

செவ்வகத்துக்கு மகேஷ்குமார் வாட்ச்மேன்; ஒப்பித்த அந்த மூன்றும்தான் அங்கே ரூல். சாய்சதுரத்துக்குக் கிளாரா. அங்கே ஒரே ஒரு ரூல்தான்: நான்கு பக்கமும் சமம். மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு அட்டை உருவம்.

மகேஷ்குமாருக்குப் பதவி தலைக்கேறிவிட்டது. செங்கோணம்தானா என்று ஒரு தீப்பெட்டியின் மூலையை ஒவ்வோர் அட்டையிலும் வைத்துப் பார்த்தான். ஆதர்ஷின் சரிந்த இணைகரத்தைக் கண்டதும், "மூல கோணலா இருக்கு. சல், ஆகே படோ!" என்று நிஜ வாட்ச்மேன் மாதிரி இந்தியில் முன்னால் போகச் சொல்லி விரட்டினான்.

அடுத்து விஜயராணி. கையில் சதுரம்.

"ஏட்டி, இது செவ்வகம் சொசைட்டி. நீ சதுரம். வேற பில்டிங் பாரு."

"ரூல்ல அப்படி எங்க போட்டுருக்கு?"

"பாத்தாலே தெரியுதுல்லா!"

"பாக்காத. ரூல வாசி."

மகேஷ்குமார் வாசித்தான். நான்கு பக்கம், இருந்தது. எதிர்ப் பக்கங்கள், சமம். தீப்பெட்டி நான்கு மூலையிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் மறுபடி வாசித்தான். நீளமாக இருக்கவேண்டும் என்று எங்கேயும் காணோம். முகம் தொங்கிப்போய் வழிவிட்டான்.

ஷைனி கைதட்டப் போனாள். அதற்குள் விஜயராணி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து, நேராகக் கிளாராவின் வாசலுக்கு நடந்தாள்.

"எனக்கு நாலு பக்கமும் சமம். திற."

கிளாரா ஸ்கேலை வைத்து அளந்தாள். மறுக்க வழியில்லை. இது ஷைனியின் திட்டத்திலேயே இல்லை.

"டீச்சர், இது அநியாயம்!" மகேஷ்குமார் கத்தினான். "எங்க வீட்ல எல்லாருக்குமா சேத்து ஒரே ரூம். இவளுக்கு மட்டும் ரெண்டு சொசைட்டியில வீடா? அதுவும் பாம்பேயில?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கூச்சல் போட்டது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை பிரேமலதா விறுவிறுவென்று வந்தார். ஆவேசத்திலிருந்த மகேஷ்குமார் அவரையும் கைநீட்டி மறித்துவிட்டான்.

"நீங்க யாரு? எத்தன பக்கம்?"

பிரேமலதா வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். பிறகு மகேஷ்குமாரைப் பார்த்தார்.

"நான் இந்த பில்டிங்கோட செகரட்டரி."

மகேஷ்குமார் விறைப்பாக சல்யூட் அடித்தான். விஜயராணி ஓடிவந்தாள்.

"செகரட்டரி டீச்சர், ஒருத்தருக்கு ரெண்டு சொசைட்டியில வீடு இருக்கலாமா?"

பிரேமலதா அவசரப்படவில்லை. தீப்பெட்டியை வாங்கிச் சதுரத்தின் மூலைகளைப் பார்த்தார். ஸ்கேலை வாங்கிப் பக்கங்களை அளந்தார்.

"ரெண்டு ரூலுக்கும் இது பொருந்துது. அப்போ ரெண்டு வீடும் இதுக்குத்தான்."

"அப்போ எனக்கு?" என்றான் மகேஷ்குமார்.

"உனக்கு ரெண்டு வாசலுக்கும் சேர்த்து வாட்ச்மேன் வேலை" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவன் பெருமையோடு கிளாராவிடம் போய், அவள் வாசலின் இல்லாத சாவியைக் கேட்டான். கிளாரா தரமாட்டேன் என்றாள்.