சுவிட்சுக்குப் போகும் கை

என் மனைவியை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்த உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொல்லிவருகிற குறை ஒன்றே ஒன்றுதான். அறையை விட்டு வெளியே போகிறாள் என்றால் அவள் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். விளக்கு, மின்விசிறி, டிவி எல்லாம் அணைந்துவிடும். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மதியத் தூக்கத்தில் வியர்த்து விழித்துக்கொள்ளும் என் அப்பா, "மருமகளே, நான் இன்னும் உசுரோடதான்மா இருக்கேன்" என்று குரல் கொடுப்பது எங்கள் வீட்டில் அன்றாடம் கேட்கிற சத்தம்.

மருந்துக்கடை நடத்துகிறவள். நாற்பதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. நான் வேலை பார்ப்பதோ விமானப் பயிற்சிப் பள்ளியின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், ரேடியோவுக்கு முன்னால். "மேல போய் எதையாவது ஆஃப் பண்ணித் தொலைச்சிடாதே" என்று கிண்டல் செய்தேன். "ஆஃப் பண்ண வேண்டியதைத்தான் பண்ணுவேன்" என்றாள். பதிலுக்குப் பதில் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று காலை அவள் தனியாகப் பறந்துகொண்டிருந்தாள். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். பச்சை வண்ணம் அடித்திருப்பதால் அதற்குப் பச்சைக்கிளி என்று பெயர். ரேடியோவிலும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"டவர், பச்சைக்கிளி. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டேன். ஆத்துக்கு மேற்கால இருக்கிற வயல்ல இறக்கப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. இன்ஜின் நின்றுபோனதாகப் பாவித்து வயல் தேடிப் பழகுவது எல்லா மாணவர்களும் செய்கிற பயிற்சிதான். ஆனால் முதலில் "பயிற்சி" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். மனைவியானாலும் விதி விதிதான்.

"பச்சைக்கிளி, பயிற்சின்னா பயிற்சின்னு முதல்ல சொல்லணும். எத்தனை தடவை சொல்றது?"

"பயிற்சி இல்லை டவர். புரொப்பல்லர் உடைஞ்சிடுச்சு."

"இன்ஜின் தானா நின்னுடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஓடிட்டுதான் இருந்துச்சு. நான்தான் நிறுத்தினேன்."

ஓடுகிற இன்ஜினையா நிறுத்தினாள்! வீட்டுப் பழக்கத்தை ஆகாயம் வரைக்கும் கொண்டுபோய்விட்டாளே என்று பதறினேன். மூக்கில் சுழலும் புரொப்பல்லர் உடைந்திருந்தாலும் உருட்டிக்கொண்டாவது ஓடுதளத்துக்கு வந்திருக்கலாமே. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற கேப்டன் என் தோளை அழுத்தினார். அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். ஒருவரைப் பாராட்டுவதென்றால் சொத்தை எழுதிக்கொடுப்பதுபோல யோசிக்கிறவர்.

"பேசாம இருங்க. அவங்க வேலையை அவங்க பாக்கட்டும்" என்றார்.

சற்று நேரத்தில் அவள் குரல் மறுபடி வந்தது. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்கிற அதே குரல்.

"டவர், வயல் காலியா இருக்கு. குறுக்க மின்கம்பி இல்லை. தீப்பிடிக்காம இருக்க கரண்ட் மொத்தத்தையும் ஆஃப் பண்றேன். ரேடியோவும் போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "என்னங்க, பயப்படாதீங்க" என்றாள்.

அவ்வளவுதான். அதன்பின் வெறும் இரைச்சல். தீயணைப்பு வண்டி கிளம்பிப் போயிற்று. கேப்டன் என்னைக் கையைப் பிடித்து இழுத்து ஜீப்பில் ஏற்றினார். வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. பாதி வழியில் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

"தரையில இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. கிளிக்குத்தான் மூக்கு உடைஞ்சிருக்கு." நான் போனைக் கேப்டனின் காதில் வைத்தேன். "என்னங்க, லைன்ல இருக்கீங்களா?" என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறுவடை முடிந்த வயல். சக்கரத் தடங்கள் கோடு போட்டதுபோல நேராக வந்து வரப்புக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தன. புரொப்பல்லரின் ஒரு இதழில் பாதியைக் காணோம். அவள் இறக்கைக்குக் கீழே நிழலில் நின்று கலைந்த தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

கேப்டன் இன்ஜின் மூடியைத் திறந்து உள்ளே குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்ஜினை விமானத்தோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புச் சட்டத்துக்கு நான்கு கால்கள். இரண்டு முறிந்து கிடந்தன. மூன்றாவதில் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல்.

"ஒரு பக்கம் இதழ் உடைஞ்சா இன்னொரு பக்கம் பாரம் அதிகம். இன்ஜின் ஓட ஓட மொத்தமும் உதறும். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா இன்ஜின் கழண்டு விழுந்திருக்கும். மூக்குல கனம் போச்சுன்னா பேலன்ஸ் போயிடும், அப்புறம் இறக்கை இருந்தும் பிரயோஜனமில்லை." அவள் பக்கம் திரும்பினார். "உதற ஆரம்பிச்சதும் என்ன பண்ணீங்க?"

"ஆஃப் பண்ணேன்."

"யோசிக்கலையா?"

"யோசிக்கிறதுக்குள்ள கை போயிடுச்சு கேப்டன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஓடுற இன்ஜினை நிறுத்த யாருக்கும் மனசு வராதும்மா. நானா இருந்தா இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துப் பாத்திருப்பேன். உசுரும் போயிருக்கும்."

எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. "பாதிப் பயிற்சி எங்க வீட்டு சுவிட்சுல எடுத்தது கேப்டன்!" என்று உரக்கச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. வெட்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

அன்று பொழுது சாய்ந்தபின் கூடத்தில் அப்பாவுக்கு இதே கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை சொன்னபோதைவிட வயல் சின்னதாகியிருந்தது. அவள் ஏதோ எடுக்க உள்ளே வந்தாள், எடுத்தாள், போனாள். போகிற போக்கில் கை சுவிட்சுக்குப் போயிற்று. விளக்கு அணைந்தது. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது.

"மருமகளே, நான் இன்னும் உசுரோட..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"அவளும் உசுரோட இருக்காப்பா" என்றேன். "பேசாம இருங்க."

அப்பா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். சமையலறையில் அவள் பாத்திரம் உருட்டும் சத்தத்தைக் கேட்டபடி, வியர்க்க வியர்க்க இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம்.